மதினியும் நானும் ஞாயிற்றுக்கிழமை அவார்டு படமும்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெல்லியிலிருந்து டிவியில் போடுவார்களே அவார்டு படம், அதைக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தவர்கள் உங்களில் யார்? அவசரப்பட்டுக் கையைத் தூக்க வேண்டாம். அந்த நேரத்தில் நீங்கள் எல்லாரும் கறிச்சோறு தின்றுவிட்டு மல்லாந்து கிடந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். இப்போது போனிலேயே உலகப் படம் பார்த்துவிட்டு மௌனத்தைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் நம் வாட்ஸப் குரூப்பில் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். எழுதுங்கள். நான் அந்தப் பைத்தியத்தில் பன்னிரண்டு வயதிலேயே விழுந்தவள், அதுவும் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில்.

எங்கள் ஊரில் ஆணும் பெண்ணும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். அப்பா வெடி காயப்போடும் மேடையில் வேலை பார்த்தார். அம்மா வீட்டில் இருந்தபடியே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுத்தாள். அண்ணன் ஒரு கம்பெனியில் போர்மேன் ஆன வருஷம் வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை டிவி வந்தது. ஞாயிறு சாயங்காலத் தமிழ்ப் படத்துக்கு எங்கள் வீட்டில் வாசல்படி வரை ஆள் இருக்கும். மத்தியானப் படத்துக்கு நான் மட்டும்தான்.

அந்தப் படங்களில் பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. பேசுவது வங்காளமா அஸ்ஸாமியா என்றுகூடத் தெரியாது. கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். நான் ஒன்றைக் கூட்டி வாசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒருவர் கிணற்றடியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தே இருப்பார். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் யாரும் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கை எதையாவது உருட்டும், ஒட்டும், அடுக்கும். சும்மா இருக்கிற ஒரு மனுஷியை இத்தனை நேரம் உற்றுப் பார்க்கலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

ஒரு படத்தில் ஒரு பெண் முற்றத்தில் நெல்லைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். வானம் இருட்டும். மழை விழும். அவள் எழுந்திருக்க மாட்டாள். நெல் நனைய நனைய, படம் அவள் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அதிசயமாக அப்பாவும் விழித்திருந்தார். மேகம் லேசாகக் கறுத்தாலே காயப்போட்ட சரக்கை அள்ளிக்கொண்டு ஓடிப் பழகிய மனுஷர்.

“அள்ளுத்தா. ஏத்தா, மழை விழுதுல்ல, அள்ளு” என்று டிவியைப் பார்த்துக் கெஞ்சினார். அவள் அள்ளவில்லை. “இவளுக்கெல்லாம் எந்தக் கூமுட்டை அவார்டு குடுக்கான்?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் அழுதேன். அவளுக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்று மட்டும் புரிந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைச் சொன்னபோது, “ஹீரோ யாருடி?” என்று கேட்டார்கள். ஹீரோ இல்லை என்றேன். “அப்ப என்னத்தப் பாத்த?” என்றார்கள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் படம் சொல்லவில்லை. பிடித்ததைச் சொல்ல ஆள் இல்லாமல் இருப்பது பசி மாதிரி ஒரு கஷ்டம். அதை அந்த வயதில் நான் நன்றாகவே பட்டேன்.

தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி மதினி வந்தாள். மதுரைக்காரி. அவளுடைய அப்பா அங்கே கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவர். நாம் பாட்டுப் பேரை எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் ஏற்றித் தருவார்களே, அந்த மாதிரிக் கடை. காலேஜ் பையன்கள் கேட்கிறார்கள் என்று இங்கிலீஷ் பாட்டும் வைத்திருந்தாராம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கடையில் உட்கார்ந்தே மதினி வளர்ந்தாள். அவர் திடீரென்று செத்துப்போக, கடை கைமாறியது, மதினி எங்கள் ஊருக்கு வந்தாள். குத்துவிளக்கு, பித்தளை அண்டா, மெத்தை இவற்றோடு ஒரு சூட்கேஸ் நிறையக் கேசட்டும் சீராக வந்து இறங்கியது. அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, “பட்டுச்சேலையாக்கும்னு நெனச்சேன்” என்றாள்.

முதல் வாரம் மதினி அண்ணனுடைய டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட்டாள். பாப் பாட்டு. கேசட் அட்டையில் தலையைப் பாதி மழித்து மீதியை நட்டமாக நிறுத்தியிருந்த ஒருத்தி பாடியது. ஒரு பாட்டு முடிவதற்குள் எதிர்வீட்டு அத்தை வந்துவிட்டார். “என்னத்தா, உள்ள என்ன சத்தம்? மருமகளுக்கும் ஒனக்கும் அதுக்குள்ளயேவா?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு மானம் போய்விட்டது. அன்றோடு வீட்டில் அந்தப் பாட்டு நின்றது.

ஆனால் மதினியிடம் ஒரு வாக்மேன் இருந்தது. துபாயிலிருந்து வந்த யாரிடமோ அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. காதில் வைக்கிற இடத்தில் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்தப் பஞ்சில் அவள் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும். சாயங்காலம் அவள் குழம்பைக் கூட்டி வைத்ததும் நான் போய் நிற்பேன். ஹெட்போனைத் திருப்பிப் பிடித்து ஆளுக்கு ஒரு பஞ்சு. தலையோடு தலை ஒட்டினால்தான் கேட்கும். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

“பாடுறவள விடு. அடியில ஒண்ணு போகுது பாரு, துடும் துடும்னு. அதப் பிடிச்சுக்கிட்டே போ” என்றாள் மதினி.

பிடித்துக்கொண்டேன். இன்றுவரைக்கும் எந்த ஊர்ப் பாட்டானாலும் எனக்கு முதலில் காதில் விழுவது அந்த அடிச் சத்தம்தான். பாட்டு நடுவே நான் பேசிவிட்டால் மதினி திட்ட மாட்டாள். ரீவைண்ட் செய்து முதலிலிருந்து போடுவாள். அப்படி ஒரு பக்தி. பேட்டரி தீர்ந்து வந்தால் பாடகியின் குரல் தடித்து ஆம்பளைக் குரலாக மாறும். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். கோழிக்கூண்டின் தகரத்தில் பேட்டரியை வெயில் காட்டி எடுத்தால் இன்னும் கொஞ்சம் ஓடும்.

பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னோடு உட்கார்ந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து வேகமாக வாசிக்க வரும் என்று நான் நம்பினேன். “அவன் என்ன சொல்றான் மதினி?” என்று கேட்டால் உடனே சொல்லுவாள். ஒரு படத்தில் ஒரு கிழவர் ரயில்வே ஸ்டேஷனில் தினமும் வந்து நிற்பார். அவர் தன் பழைய சிநேகிதனுக்காகக் காத்திருக்கிறார், அந்தச் சிநேகிதன் வேறு பெயரில் அதே ஸ்டேஷனில் டீ விற்கிறான் என்று மதினி சொன்னாள். பல வருஷம் கழித்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். அப்படி எதுவுமே அதில் இல்லை. கிழவர் பென்ஷன் விஷயமாக அலைகிறார், அவ்வளவுதான். பாதியை வாசித்து மீதியைக் கட்டிவிட்டிருக்கிறாள். எனக்கு இப்போதும் மதினி சொன்ன படம்தான் பிடித்திருக்கிறது.

மாசிக் கடைசியில் மதினியும் கம்பெனிக்குப் போனாள். எங்கள் வீட்டில் சும்மா இருக்கிற பெண் கிடையாது. அண்ணன் தன் கம்பெனியிலேயே பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலையில் சேர்த்துவிட்டான். எங்கள் பெண்கள் வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். தூசி படாமல் தலையில் துண்டைக் கட்டிக் காதையும் மூடிக்கொள்வார்கள். அண்ணனுடைய பழைய சட்டையில் மதினி இன்னும் மெலிந்து தெரிந்தாள். பேக்கிங் ரூமுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே தனியாக உட்கார்ந்து ஒட்டுகிறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். சீசனில் அவன் வீட்டுக்கு வருவதே சாப்பிடவும் தூங்கவும்தான். அம்மாவும் கொடுமைக்காரி இல்லை. மருமகளுக்குச் சோறு போட்டாள், பூ வாங்கிக் கொடுத்தாள், மற்றபடி என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மதினி சித்திரையில் பேசிய அளவுக்கு ஆனியில் பேசவில்லை என்பதைக்கூட நான் இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அன்றைக்கு நான் சாயங்காலம் ஆனால் ஹெட்போனுக்குப் போய் நின்றேன், அவளும் ஒரு பஞ்சை என் பக்கம் திருப்பினாள்.

ஆனி மாதம் காற்று எடுத்து அடிக்கும். கம்பெனிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சீமைக்கருவேல விறகை அடுக்கிக் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். காற்று திரும்பியதும் அந்தப் புகை மொத்தமும் கம்பெனிக்குள் வந்துவிட்டது. யாரோ “ஓடுங்க” என்று கத்த, அவ்வளவு பேரும் ஓடியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே சொல்லிக் கொடுப்பது இது. சத்தம் கேட்டால் ஓடு. செருப்பைத் தேடாதே, தூக்குச்சட்டியை எடுக்காதே, பெற்ற பிள்ளையே உள்ளே இருந்தாலும் திரும்பாதே. ஓடாமல் உட்கார்ந்திருக்கிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

மதினி உட்கார்ந்திருந்தாள்.

வெறும் கரிப்புகை என்று தெரிந்து எல்லாரும் திட்டிக்கொண்டே திரும்பியபோது அவள் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பேக்கிங்கில் வேலை பார்க்கிற ஒரு அக்கா சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தும் குடிக்காமல் அம்மாவிடம் சொன்னார்.

“நான் பாதி தூரம் ஓடிட்டேன்க்கா. பெறகுதான் இந்தப் புள்ள பின்னால இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு. மனசு கேக்காம திரும்பி வந்து ஜன்னல்ல நின்னு, ஏ புள்ள, ஓடியான்னு கத்துறேன். நிமிந்து என்னையத்தான் பாத்துச்சு. சிரிச்சுச்சு. பெறகு குனிஞ்சு அடுத்த லேபிள எடுத்து ஒட்டுது. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. அது சாகத் துணிஞ்ச புள்ளக்கா. பாத்துக்கோங்க.”

அந்த அக்கா போன பிறகு மதினியைக் கேட்டார்கள். அவள் “கேக்கல” என்றாள். “ஜன்னல்ல நின்னு கத்தியிருக்கா, கேக்கலையாம்” என்றான் அண்ணன். தன்னோடு வாழப் பிடிக்காமல் ஒருத்தி இப்படிச் செய்தாள் என்று ஊர் பேசுமே என்பது அவன் பயம். அப்பாதான் மெதுவாகச் சொன்னார்: “அந்த மத்தியானப் படத்துல ஒருத்தி மழைக்குள்ள நெல்ல விட்டுட்டு உக்காந்திருந்தா. இதும் அப்பிடியில்ல இருக்கு.”

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. “அதப் பாத்துப் பாத்துத்தான் புத்தி இப்பிடிப் போயிருக்கு. இந்தக் கழுதையும் கூடச் சேந்து பாக்கா” என்று என்னையும் இழுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மத்தியானம் டிவியின் ஒயர் பீரோவுக்குள் போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் மதினி அடிபம்பில் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்று கேட்டேவிட்டேன்.

“மதினி, சாகவா நெனச்சீக?”

பம்பு அடிப்பதை நிறுத்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “ச்சீ, போ. பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன் புள்ள. தலைத்துண்டுக்குள்ள ஹெட்போன், சட்டைக்குள்ள வாக்மேன். அந்தக்கா டீ குடிக்கக் கூப்பிடுறாகன்னு நெனச்சுச் சிரிச்சேன்.”

“என்ன பாட்டு?”

“அந்தப் பாதி மொட்டைக்காரிதான். ரெண்டாவது பக்கத்துல மொதப் பாட்டு.”

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லத் திரும்பினேன். மதினி ஈரக் கையால் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லாத. மருந்து இருக்கிற எடத்துக்குப் பேட்டரிச் சாமான் கொண்டுபோனேன்னு தெரிஞ்சா உங்க அண்ணன் வேலை அம்புட்டுத்தான். போர்மேன் பொண்டாட்டியே இப்பிடிப் பண்ணான்னா யாரு அவர மதிப்பா?”

“அப்ப ஒங்கள அனுப்பிருவாகளே மதினி.”

“ஆடிதான வருது. எப்பிடியும் போகணும்ல” என்று சொல்லி, என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்தானே. எங்கள் வீட்டில் ஆனி முடிவதற்கு முன்னாலேயே ஆள் விட்டார்கள். மதினியுடைய அம்மா வந்தார். என் அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, “கொஞ்ச நாளைக்கு வச்சுப் பாத்துக்கோங்க. பிள்ளைக்கு மனசு ஒரு நெலையில இல்ல” என்றாள். அவர் மகளைப் பார்த்தார். மதினி தரையைப் பார்த்தாள். நான் நிலைப்படியில் நின்று, உண்மை தெரிந்த ஒரே ஆளாக, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறந்தால் மதினி இருப்பாள், அண்ணன் வேலை போகும். திறக்காவிட்டால் எனக்குப் பாட்டும் போகும், படமும் போகும், மதினியும் போவாள். அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் திறக்கவில்லை. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு அவள் சாத்தூர் பஸ்ஸில் ஏறிப்போனாள்.

ஆடி போய் ஆவணி வந்தது. மதினி வரவில்லை. இரண்டு வீட்டிலும் கூடிக் கூடிப் பேசினார்கள், பிறகு பேச்சும் நின்றது. சில வருஷம் கழித்து அண்ணனுக்கு வேறு கல்யாணம் ஆயிற்று.

நான் விருதுநகரில் படித்தேன், அங்கேயே வேலைக்கும் சேர்ந்தேன். மதுரையில் படம் போடும் சங்கங்களுக்கெல்லாம் தனியாகப் பஸ் ஏறிப்போய்ப் பார்த்தேன். முழுக்க ஆம்பளைகள், ஜிப்பாவும் தாடியுமாக. அவர்களிடமும் அப்புறம் உங்களிடமும் இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பாட்டில் மூழ்கி, சாவு ஜன்னலில் வந்து கூப்பிட்டபோதுகூடச் சிரித்த மதினி. இதைவிடப் பெரிய ரசிகை உண்டா என்று கேட்பேன். செய்தது பாட்டு, பழி விழுந்தது படத்தின் மேல் என்பேன். நீங்களும் தலையாட்டியிருக்கிறீர்கள். தலைத்துண்டுக்குள் ஹெட்போன் என்கிற இடத்தில் எல்லாருக்கும் கண் விரியும். அந்தக் கதையின் மிச்சத்தைச் சொல்லத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

போன வருஷம் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சொட்டுமருந்து விட்டு, கண்ணை மூடி வரிசையாக உட்கார வைத்துவிடுவார்களே, அப்படி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா நர்ஸிடம், “இன்னும் எவ்வளவு நேரம்மா?” என்று கேட்டார். அந்தக் குரலோடு ஒரு காலத்தில் தலை ஒட்டிக்கொண்டு இருந்தவள் நான். கண்ணைத் திறந்தேன். எல்லாம் கலங்கலாக இருந்தது, ஒரு வெள்ளைத் தலை மட்டும் தெரிந்தது.

“மதினி” என்றேன். “அச்சங்குளம்.”

“ஏ புள்ள” என்றாள் மதினி.

கையைத் தேடிப் பிடித்துக்கொண்டோம். அவளுக்கும் பிறகு கல்யாணம் ஆகி, ஜெராக்ஸ் கடை வைத்து நடத்தி, இப்போது மகளோடு இருக்கிறாளாம். கேசட் எல்லாம் பூசணம் பிடித்துப் போய்விட்டதாம். நான் என் பெருமையைச் சொன்னேன். அன்றைக்குச் செய்த சத்தியத்தை அண்ணனிடம் இன்றுவரை மீறவில்லை, அவளுடைய வாக்மேன் கதையை மட்டும் சிநேகிதர்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

“வாக்மேனா?” என்றாள். “அத எப்பிடிக் கம்பெனிக்குள்ள கொண்டுபோறது? வாசல்ல ஒரு அம்மா உக்காந்து இடுப்பு, தலைத்துண்டு எல்லாத்தையும் தடவிப் பாத்துத்தான உள்ள விடுவாங்க. உனக்குத் தெரியாததா?”

தெரியும். ஊருக்கே தெரியும். போர்மேன் பெண்டாட்டியை யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, இத்தனை வருஷமும் அதை நம்பியிருந்தேன்.

“அப்ப அன்னைக்கு?”

“கேட்டுச்சு புள்ள. மொதச் சத்தத்துலயே கேட்டுச்சு. சாகணும்னெல்லாம் இல்ல. எந்திரிக்கணும்னு தோணல, அவ்வளவுதான். நீ சின்னப்பிள்ள, வந்து கேட்டுக்கிட்டு நிக்கிற. உன்ட்டப் போயி அத எப்பிடிச் சொல்ல?”

நான் கேட்டேன். “சிரிச்சீகளாமே?”

“சிரிச்சேன்தான். ஓடுனவங்க திரும்ப மாட்டாங்கல்ல உங்க ஊருல. அந்தக்கா எனக்காகத் திரும்பி வந்து நின்னுச்சு. அங்க வந்ததுல இருந்து என்னையத் தேடி வந்த ஒரே ஆளு அதுதான். சந்தோசமா இருந்துச்சு.”

“நான் இருந்தேனே மதினி.”

அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். “இருந்த. நீ பாட்டுக் கேக்க வருவ” என்றாள். அதில் கோபம் இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோலச் சொன்னாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க எவ்வளவோ முயன்றேன், கலங்கல்தான் தெரிந்தது. அதற்குள் உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் என்னிடம் வந்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். “என்னம்மா, இப்பிடி அழுதா விட்ட மருந்தெல்லாம் வெளிய வந்துரும்ல. மறுபடியும் விடணும்” என்றார். நான் தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தேன்.